மூன்றாண்டுக் கணக்கு: ரிவர் பிளேட் 2011இல் இறங்கியது எப்படி

2010–11 சீசனில் அர்ஜென்டினாவின் கால்பந்து கிளப்பான ரிவர் பிளேட் 38 ஆட்டங்களில் 57 புள்ளி எடுத்தது. ஆட்டத்துக்கு ஒன்றரைப் புள்ளி. சீசனின் முதல் பாதியில் 20 அணிகளுக்குள் நான்காம் இடம், இரண்டாம் பாதியில் ஒன்பதாம் இடம். வேறு பெரும்பாலான நாடுகளில் இப்படி ஆடிய அணியை யாரும் கவலையோடு பார்க்கமாட்டார்கள். ஆனால் 1908இல் அர்ஜென்டினாவின் முதல் டிவிஷனுக்கு ஏறியதிலிருந்து ஒருமுறையும் இறங்காத அந்தக் கிளப், 26 ஜூன் 2011 அன்று தன் சொந்த மைதானத்திலேயே இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது.

அன்றைய கண்ணீரும் உடைந்த நாற்காலிகளும்தான் படங்களாகத் திரும்பத் திரும்பக் காட்டப்படுகின்றன. அவை முடிவைச் சொல்கின்றன, காரணத்தைச் சொல்வதில்லை. காரணம் ஒரு வகுத்தல் கணக்கில் இருக்கிறது. அந்தக் கணக்குக்குள் ரிவர் எப்படி வந்து மாட்டியது என்று பார்க்கப் போனால் கிளப்பின் நூறாண்டுப் பழக்கம் ஒன்று வெளிப்படும்.

முதலில் கணக்கு. அர்ஜென்டினாவில் அதற்கு ப்ரொமேதியோ, அதாவது சராசரி என்று பெயர். அன்றைய விதிப்படி ஓர் ஆண்டு சீசன் இரண்டு குறுந்தொடர்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது: ஆண்டின் பிற்பாதியில் அபெர்துரா, அடுத்த ஆண்டின் முற்பாதியில் க்ளௌசுரா. 20 அணிகள், ஒவ்வொரு தொடரிலும் 19 ஆட்டம். ஒவ்வொரு தொடருக்கும் தனிச் சாம்பியன் உண்டு. கோப்பை இப்படி ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கப்பட்டது, ஆனால் யார் கீழே போவது என்பதை மூன்று சீசன்களின் புள்ளிகளைக் கூட்டி, ஆடிய ஆட்டங்களால் வகுத்துத் தீர்மானித்தார்கள். சராசரியில் கடைசி இருவர் நேராக இறங்குவார்கள். அதற்கு மேல் உள்ள இருவர் ப்ரொமோசியோன் என்ற இரண்டு ஆட்ட மோதலில் இரண்டாம் டிவிஷன் அணிகளோடு ஆடித் தங்கள் இடத்தைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும்.

ரிவரின் எண்கள் இவை. 2008–09இல் 41 புள்ளி. 2009–10இல் 43. 2010–11இல் 57. மொத்தம் 141. ஆடியது 114 ஆட்டம். வகுத்தால் 1.237. பட்டியலில் 17ஆம் இடம், ப்ரொமோசியோன்.

கடைசி சீசனில் நன்றாக ஆடியும் ஏன் தப்ப முடியவில்லை என்பது இங்கேதான் புரியும். அந்த சீசன் தொடங்கும்போதே ரிவரின் கையில் 76 ஆட்டங்களுக்கு 84 புள்ளி, அதாவது 1.105 என்ற சராசரிதான் இருந்தது. 114 ஆட்டக் கணக்கில் ஒரு வெற்றி சராசரியை 0.026 அளவுக்கு மட்டுமே உயர்த்தும். அப்போதுதான் மேலே ஏறி வந்த அணிக்கு முந்தைய இரண்டு சீசன் கணக்கு கிடையாது. அதன் புள்ளிகள் 38 ஆட்டங்களால் மட்டுமே வகுக்கப்படும். அதே வெற்றி அதற்கு 0.079 தரும், ஏறக்குறைய மூன்று மடங்கு. தோல்வியும் அதற்கு அதே அளவில் வலிக்கும் என்பது உண்மை. ஆனால் பழைய பாரம் ஏதும் இல்லாமல் ஒரே ஆண்டு ஒழுங்காக ஆடினால் அது தப்பிவிடும். ரிவரோ மூன்றாம் ஆண்டில் எப்படி ஓடினாலும் முதல் இரண்டு ஆண்டுகளையும் முதுகில் சுமந்துதான் ஓட வேண்டும்.

அந்தப் பாரத்தின் நடுவில் இருந்தது 2008 அபெர்துரா. 19 ஆட்டத்தில் 14 புள்ளி, 20 அணிகளில் கடைசி இடம். கிளப்பின் வரலாற்றில் மிக மோசமான தொடர்களில் ஒன்று. அதற்குச் சரியாக ஆறு மாதம் முன்புதான் தியேகோ சிமியோனே பயிற்சியில் இதே அணி 2008 க்ளௌசுராவை வென்று சாம்பியன் ஆகியிருந்தது. அந்தப் புள்ளிகள் 2007–08 சீசனைச் சேர்ந்தவை. 2011இல் கணக்குப் பார்க்கும்போது மூன்றாண்டுச் சாளரம் 2008 ஆகஸ்டில்தான் தொடங்கியது. சாம்பியன் பட்டம் சாளரத்துக்கு வெளியே நின்றது, கடைசி இடம் உள்ளே வந்தது. அந்த ஒரு தொடரில் 14க்குப் பதிலாக, அந்த மூன்றாண்டின் அடுத்த மோசமான தொடரில் எடுத்த 21 புள்ளியையாவது எடுத்திருந்தால் மொத்தம் 148, சராசரி 1.298. ஏழே புள்ளிதான்.

இந்த விதி எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1981இல் நாட்டின் ஐந்து பெரிய கிளப்களில் ஒன்றான சான் லொரென்சோ இறங்கியது. அதற்கு முன் அப்படி நடந்ததில்லை. 1983இல் சராசரி முறை கொண்டுவரப்பட்டது. பெரிய கிளப்கள் ஒரே ஒரு கெட்ட ஆண்டால் விழுந்துவிடாமல் காக்கவே இது வந்தது என்ற பேச்சு அர்ஜென்டினாவில் இன்றுவரை ஓயவில்லை. அந்த 1983 லீகில் ரிவர் 19 அணிகளில் 18ஆம் இடத்தில் முடிந்தது. அந்த ஆண்டின் பட்டியலை மட்டும் பார்த்திருந்தால் ரிவர் அன்றே போயிருக்கும். சராசரி பார்த்ததால் இன்னொரு பெரிய கிளப்பான ராசிங் போனது. 28 ஆண்டு முன்பு ரிவரைத் தாங்கிப் பிடித்த அதே விதிதான் 2011இல் கீழே தள்ளியது. விதியை மட்டும் குறை சொல்லி நிறுத்திக்கொள்ள முடியாததற்கு இதுவே போதுமான காரணம்.

அப்படியானால் 2008க்கும் 2010க்கும் இடையில் அணி ஏன் அவ்வளவு மெலிந்தது? இங்கேதான் அந்தப் பழைய பழக்கம் வருகிறது.

ரிவர் 25 மே 1901இல் புவெனஸ் அயர்ஸின் துறைமுகப் பகுதியான லா பொகாவில் தொடங்கப்பட்டது. பின்னாளில் பரம எதிரியான பொகா ஜூனியர்ஸும் அதே பேட்டையில் பிறந்ததுதான். ரிவர் நகரின் வடக்கே நகர்ந்தது, வசதியான வட்டாரங்களின் கிளப் என்ற பெயர் எடுத்தது. அர்ஜென்டினக் கால்பந்து தொழில்முறை ஆன 1931இல் கார்லோஸ் பெவுசெய்யேயை 10,000 பெசோவுக்கு வாங்கியது. மறு ஆண்டு டிக்ரே அணியிலிருந்து பெர்னாபே ஃபெரெய்ராவை 35,000 பெசோவுக்கு. அந்தக் காலத்தில் கேட்டவர்கள் வாய் பிளந்த தொகை. ‘கோடீஸ்வரர்கள்’ என்ற பொருளில் ‘மிஷொனாரியோஸ்’ என்ற பட்டப்பெயர் அப்போது ஒட்டிக்கொண்டது, இன்னும் போகவில்லை.

1938 மே மாதம் நுன்யேஸ் பகுதியில் மொனுமெந்தால் மைதானம் திறக்கப்பட்டது. குதிரை லாட வடிவம். நான்காம் பக்கத்தைக் கட்டப் பணம் இல்லாமல் திறந்தபடியே விட்டார்கள். 1940களில் அங்கே ஆடிய அணிக்கு ‘லா மாக்கினா’, இயந்திரம், என்று பெயர். முன்யோஸ், மொரேனோ, பெதெர்னேரா, லாப்ருனா, லௌஸ்தாவ் என்ற ஐந்து முன்கள வீரர்களின் பெயரை அர்ஜென்டினாவில் ஒரே மூச்சில் சொல்வார்கள். அந்த ஐவரும் ஒன்றாக ஆடிய போட்டி ஆட்டங்கள் சுமார் 18 மட்டுமே என்பது பலருக்கும் வியப்பாக இருக்கும். ஆனாலும் அந்தப் புகழ் நியாயமானது. நடு முன்கள வீரரான பெதெர்னேரா எதிரணியின் கோல் முன்னால் நிற்காமல் பின்னுக்கு இறங்கிப் பந்தை வாங்குவார். அவரைக் காவல் காப்பவர் கூடவே வந்தால் பின்னால் இடைவெளி விழும், வராவிட்டால் பெதெர்னேரா தனியாகத் திரும்பிப் பந்தைப் பகிர்வார். பத்தாண்டு கழித்து ஐரோப்பா புதுமையாகப் பார்த்த உத்தி இது.

1948இல் அர்ஜென்டின வீரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அப்போது கொலம்பிய லீக் ஃபிஃபாவுக்கு வெளியே இருந்ததால் அங்கே போகும் வீரருக்காகப் பழைய கிளப்புக்கு மாற்றுத் தொகை கொடுக்க வேண்டியதில்லை. பெதெர்னேரா, ரொஸ்ஸி, இளம் அல்ஃப்ரேதோ தி ஸ்தெஃபனோ மூவரும் பொகொத்தாவின் மிஷொனாரியோஸ் கிளப்பில் சேர்ந்தார்கள். தி ஸ்தெஃபனோ அங்கிருந்து ரியல் மாட்ரிட் போனது ஐரோப்பிய வரலாறு.

அடுத்து நடந்தது 2011க்கு நேரடியான முன்னோட்டம். 1957இல் ஒமார் சிவோரியை இத்தாலியின் யுவென்டஸுக்கு 10 மில்லியன் பெசோவுக்கு விற்றார்கள். அந்தப் பணத்தில் மொனுமெந்தாலின் திறந்திருந்த பக்கத்தில் கேலரி எழுந்தது. அதே 1957இல் சாம்பியன் பட்டமும் கிடைத்தது. பிறகு 18 ஆண்டு ஒரு லீக் பட்டம்கூட இல்லை. கேலரி நின்றது, அணி நிற்கவில்லை. இடையில் தென்னமெரிக்கக் கிளப்களின் முதன்மைக் கோப்பையான கோபா லிபர்தடோரெஸின் 1966 இறுதியில், சந்தியாகோவில் உருகுவேயின் பெனியரோலுக்கு எதிராக 2–0 என முன்னிலை பெற்று, கூடுதல் நேரத்தில் 4–2 எனத் தோற்றார்கள். ‘கஷினாஸ்’, அதாவது கோழிகள், என்ற கேலிப்பெயர் அந்தத் தோல்வியின் மிச்சம். எதிரணி ரசிகர்கள் வைத்த பெயரைப் பிறகு ரிவர் ரசிகர்களே எடுத்து அணிந்துகொண்டார்கள்.

1968 ஜூன் 23 அன்று பொகாவுக்கு எதிரான ஆட்டம் முடிந்து ரசிகர்கள் வெளியேறும்போது மொனுமெந்தாலின் 12ஆம் வாயிலில் நெரிசலில் 71 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் இளைஞர்கள். அர்ஜென்டினக் கால்பந்தின் மிகப் பெரிய உயிரிழப்பு அது.

வறட்சியை முடித்தது 1975. பழைய ‘இயந்திரத்தின்’ லாப்ருனா பயிற்சியாளராகத் திரும்பியிருந்தார். பட்டத்தை உறுதி செய்ய வேண்டிய ஆட்டம் வந்தபோது தொழில்முறை வீரர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். இளையோர் அணிப் பையன்களை இறக்கினார்கள். ரூபென் புரூனோ என்ற பையன் அடித்த ஒரே கோலில் அர்ஜென்டினோஸ் ஜூனியர்ஸை வென்று 18 ஆண்டுக் காத்திருப்பு தீர்ந்தது. பிறகு 1986, 1996 என இரண்டு லிபர்தடோரெஸ், லீகில் அடுக்கடுக்காகப் பட்டங்கள்.

ரிவரின் இளையோர் பயிற்சி உலகத்தரம். ஒர்தேகா, கிரெஸ்போ, அய்மார், சவியோலா, மஸ்செரானோ, இகுவாயின் எல்லாரும் அங்கே உருவானவர்கள். 1990களில் ஐரோப்பிய கிளப்கள் முன்பைவிடச் சிறுவயதிலேயே, முன்பைவிடப் பெரிய தொகைக்கு வாங்கத் தொடங்கின. ஒருவரை விற்ற இடத்தில் கீழேயிருந்து அடுத்தவர் வந்து நிற்கும்வரை இந்த ஏற்பாடு நடந்தது. ஆனால் விற்பனைப் பணம் ஆண்டுச் செலவை ஈடுகட்டும் வருமானமாக மாறிவிட்டால், வீரர் தயாராகும் நேரத்தில் விற்க முடியாது, பணம் தேவைப்படும் நேரத்தில்தான் விற்க வேண்டிவரும். 2000களில் ரிவருக்கு அதுதான் நடந்தது. இகுவாயின் 2006 இறுதியில் 19 வயதில் ரியல் மாட்ரிட் போனார். ஃபல்காவ் 2009இல் போர்ட்டோ போனார். இருவருக்கும் ஈடாக ஒருவரும் வரவில்லை.

கிளப்பின் அமைப்பும் இதில் பங்கு வகித்தது. அர்ஜென்டின கிளப்களுக்கு முதலாளி கிடையாது. அவை லாபநோக்கற்ற சங்கங்கள், உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். நான் இதை நல்ல அமைப்பாகவே கருதுகிறேன். ஆனால் பதவிக்காலத்துக்குள் கோப்பை காட்ட வேண்டிய தலைவருக்குக் கடன் என்பது அடுத்தவர் தலையில் விழும் சமாச்சாரம். ஹொசே மரியா அகிலார் 2001 முதல் 2009 வரை தலைவர். அவர் விலகியபோது கிளப் பெருங்கடனில் இருந்தது. 2007இல் ரிவரின் தீவிர ரசிகர் கும்பலுக்குள் நடந்த சண்டை கொலைவரை போயிருந்தது. 2009 டிசம்பர் தேர்தலில் 1978 உலகக் கோப்பை கேப்டன் தனியேல் பஸரெய்யா ஆறே ஓட்டு வித்தியாசத்தில் வென்றார்.

பயிற்சியாளர்கள் வந்தார்கள், போனார்கள். சிமியோனே 2008 நவம்பரில் விலகினார். பிறகு இடைக்காலத்துக்கு ஒருவர், அதன்பின் கொரோசிதோ, அஸ்த்ராதா, காப்பா. 2010 நவம்பரில் ஹுவான் ஹொசே லோபெஸ். மூன்று சீசனில் ஆறு பேர். ஒவ்வொருவரும் தமக்கேற்ற வீரர்களைக் கேட்டார்கள், பணமில்லாத கிளப் கிடைத்தவர்களைக் கொடுத்தது. லோபெஸ் 1975 அணியின் நடுக்கள வீரர். ரிவரை இறக்கிய தலைவரும் பயிற்சியாளரும் அதன் பழைய நாயகர்களாகவே இருந்தது ரசிகர்களுக்கு இன்றும் ஆறாத புண்.

2011 மே 15 அன்று பொகாவிடம் 2–0 எனத் தோல்வி. முதல் கோல், ரிவர் கோல்கீப்பர் கரிஸோ கையிலேயே பட்டு உள்ளே போன சேம் சைடு கோல். அதன்பின் சமன், சமன் என்று இழுத்துக்கொண்டு போய், கடைசி ஆட்டத்தில் சொந்த மைதானத்தில் லானுஸிடம் 2–1 எனத் தோற்றது. சராசரிப் பட்டியலில் மேலே இருந்த அணிகளை எட்ட முடியாமல் ப்ரொமோசியோனுக்குள் விழுந்தது.

எதிரணி கோர்தோபா நகரின் பெல்கிரானோ. இந்த மோதலில் ஒரு சலுகை உண்டு: இரண்டு ஆட்டமும் சேர்ந்து சமனானால் முதல் டிவிஷன் அணியே தங்கும். ஜூன் 22 அன்று கோர்தோபாவில் பெல்கிரானோ 2–0 என வென்றது. முதல் கோல், ரிவர் தற்காப்பு வீரர் ரோமான் பந்தைக் கையால் தொட்டதால் கிடைத்த பெனால்டி. ஆட்டத்தின் நடுவே முகமூடி அணிந்த ரிவர் ரசிகர்கள் வேலியைத் தாண்டி உள்ளே வந்து தங்கள் வீரர்களையே மிரட்டினார்கள். அதன்பின் அந்த அணி நிதானமாக ஆடியிருக்கும் என்று எதிர்பார்ப்பதே தவறு.

ஆக மொனுமெந்தாலில் இரண்டு கோல் வித்தியாசத்தில் வென்றால் போதும். ஐந்தாம் நிமிடத்தில் மரியானோ பவோனே ஒன்று அடித்தார். இன்னும் ஒரே ஒரு கோல். 85 நிமிடம் மீதி இருந்தது. ரிவர் அவசரப்பட்டது. 61ஆம் நிமிடத்தில் ரிவரின் தற்காப்பு வீரர்கள் இருவர் ஒரே பந்துக்குப் போய் ஒருவரையொருவர் தடுத்துக்கொள்ள, பந்து கிஷெர்மோ ஃபர்ரேயின் காலுக்கு வந்தது. 1–1. இப்போது இன்னும் இரண்டு கோல் வேண்டும். 69ஆம் நிமிடத்தில் பெனால்டி கிடைத்தது. பவோனே அடித்ததை பெல்கிரானோ கோல்கீப்பர் ஒலாவே பிடித்தார். 90ஆம் நிமிடத்தை நெருங்கும்போது கேலரியிலிருந்து பொருள்கள் பறந்துவர, நடுவர் ஆட்டத்தை முடித்துவைத்தார். வீரர்கள் மைதானத்தின் நடுவிலேயே வெகுநேரம் நின்றார்கள், வெளியே தெருவில் கலவரம்.

அடுத்த மாதமே அர்ஜென்டினக் கால்பந்துச் சங்கம் இரண்டு டிவிஷன்களையும் சேர்த்து 38 அணிகளாக ஒரே தொடர் நடத்தலாம் என்று திட்டம் போட்டது. ரிவரைக் கொல்லைப்புறமாக ஏற்றுகிறார்கள் என்று நாடே கொதித்தது, திட்டம் கைவிடப்பட்டது. அது கைவிடப்பட்டது ரிவருக்கு நல்லது. கிளப் ஆடித்தான் மேலே வந்தது.

இறங்கிய சீசனில் வீரராக இருந்த மத்தியாஸ் அல்மெய்தா உடனே பயிற்சியாளர் ஆனார். ஃபெர்னாந்தோ கவேனாகியும் அலெஹாந்த்ரோ தொமிங்கெஸும் இரண்டாம் டிவிஷன் என்று தெரிந்தே திரும்பி வந்தார்கள். பிரான்ஸுக்காக உலகக் கோப்பை வென்ற தவித் த்ரெசெகேவும், லெயொனார்தோ பொன்சியோவும் 2012 தொடக்கத்தில் சேர்ந்தார்கள். ஆனாலும் எளிதாக நடக்கவில்லை. மொனுமெந்தாலுக்கு வந்த ஒவ்வொரு சிறிய அணிக்கும் அது வாழ்நாள் ஆட்டம். பத்துப் பேரும் பின்னால் நின்று அடைத்துக்கொள்வார்கள். 38 ஆட்ட முடிவில் ரிவர் 73, கில்மேஸ் 72, ரொசாரியோ சென்ட்ரலும் இன்ஸ்தித்யூதோவும் தலா 70. நேராக ஏற இரண்டே இடம். 23 ஜூன் 2012 அன்று கடைசி ஆட்டத்தில் அல்மிராந்தே பிரவுனை 2–0 என வென்றார்கள், இரண்டு கோலும் த்ரெசெகே. அதில் தோற்றிருந்தால் மறுபடியும் ப்ரொமோசியோன் ஆட வேண்டி வந்திருக்கலாம், இந்த முறை கீழேயிருந்து.

2014இல் ரமோன் தியாஸ் பயிற்சியில் லீக் பட்டம், அவர் விலகியதும் மார்செலோ கஷார்தோ. 2014இல் தென்னமெரிக்காவின் இரண்டாம் நிலைக் கோப்பையான கோபா சுதமெரிகானா, 2015இல் லிபர்தடோரெஸ். 2018 லிபர்தடோரெஸ் இறுதியில் எதிரே பொகா. முதல் ஆட்டம் 2–2. இரண்டாம் ஆட்டத்துக்கு மொனுமெந்தால் வரும் வழியில் பொகா பேருந்து தாக்கப்பட்டது, ஆட்டம் மாட்ரிட்டுக்கு மாற்றப்பட்டது. டிசம்பர் 9 அன்று அங்கே பின்தங்கியிருந்து 3–1 என ரிவர் வென்றது. அன்றைய கேப்டன், இரண்டாம் டிவிஷனுக்கு வந்து சேர்ந்த அதே பொன்சியோ.

பெரிய ஐந்தில் இன்டிபெண்டியன்டேயும் 2013இல் சராசரியால் இறங்கியது. ஒருமுறைகூட இறங்காமல் இருப்பது பொகா மட்டும். பொகா ரசிகர்கள் அதை ஒவ்வொரு மோதலிலும் பாட்டாகப் பாடுகிறார்கள். விதியோ பலமுறை மாறிவிட்டது: 2023இல் ஓர் அணி சராசரியால் இறங்கியது, இன்னொன்று அந்த ஆண்டின் பட்டியலால். அந்த ஆண்டின் புள்ளியை மட்டும் பார்த்திருந்தால், 2011இல் 57 புள்ளி வைத்திருந்த ரிவரின் பெயர் இறங்குவோர் பேச்சிலேயே வந்திருக்காது.